ஆற்றங்கரையில் ஒரு தடயம்

அவையோருக்கு வணக்கம். நீர்நாய்களை நேரில் பார்த்து எண்ணியவர்கள் மிகச் சிலரே. ஆள் அரவம் கேட்டதும் அவற்றுள் பெரும்பாலானவை நீருக்குள் மறைந்துவிடுவதால், ஆய்வாளர்கள் கரையோரப் பாறைகளில் அவற்றின் எச்சத்தைத்தான் தேடுகிறார்கள். கறுத்து, பிசுபிசுத்து, மீன் செதிலும் முள்ளும் பொதிந்து கிடக்கும் அந்தச் சிறு குவியலே, இந்த ஆற்றில் நீர்நாய் இன்னும் வாழ்கிறது என்பதற்குச் சான்று.

உலகில் பொதுவாக 13 இனங்களாக வகுக்கப்படும் இவற்றுள், கடல் நீர்நாய், தென் அமெரிக்காவின் பெருநீர்நாய் உள்ளிட்ட ஐந்து இனங்களை அழியும் ஆபத்தில் உள்ளவையாக இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் வகைப்படுத்தியுள்ளது. வட அமெரிக்க ஆற்று நீர்நாய் ஒன்றே ஓரளவு கவலையின்றி இருக்கிறது.

கடல் நீர்நாயின் தோலுக்கடியில் திமிங்கிலத்துக்கு இருப்பதுபோன்ற கொழுப்புப் படலம் இல்லை. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மயிர்கள் அடர்ந்து, இடையில் காற்றைச் சிறைப்பிடித்துக் குளிரைத் தடுக்கின்றன. உயிர் காத்த அந்த மயிரே அதற்கு எமனாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் தொடங்கிய தோல் வணிகத்தால், 1911இல் பன்னாட்டு உடன்படிக்கை வந்தபோது ஏறத்தாழ 2,000 விலங்குகளே மிஞ்சியிருந்தன. வேட்டை நின்றபின் இனம் பெருகியது என்பது உண்மையே. ஆனால் அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகளில் 1990களில் அது மீண்டும் வெகுவாகக் குறைந்தது.

வேட்டையைத் தடுத்தால் போதும் என்று நம்புவோருக்கு நான் காட்ட விரும்புவது இங்கிலாந்தை. அங்கே 1950களின் இறுதியில் நீர்நாய்கள் திடீரெனக் குறைந்ததற்கு, விதைகளில் பூசப்பட்ட டீல்ட்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் ஆற்றில் கலந்து, மீனில் சேர்ந்து, மீனைத் தின்ற நீர்நாயின் உடலில் குவிந்ததே முதன்மைக் காரணம். நஞ்சு தடைசெய்யப்பட்ட பின்னும், எல்லா மாவட்டங்களிலும் அவை திரும்ப 2011 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆசியாவின் சிறுநகம் கொண்ட நீர்நாயையோ, செல்லப்பிராணியாக வளர்க்கும் ஆசை குட்டிப் பருவத்திலேயே காட்டிலிருந்து பிரிக்கிறது. அதன் பன்னாட்டு வணிகம் 2019இல் தடைசெய்யப்பட்டதை நான் மனமார வரவேற்கிறேன்.

ஜப்பானில் நீர்நாய் கடைசியாக உறுதியாகக் காணப்பட்டது 1979இல்; அழிந்துவிட்டதாக அரசு அறிவித்தது 2012இல். இடைப்பட்ட 33 ஆண்டுகளும் அங்கே ஆற்றங்கரைகளில் தடயம் தேடியவர்கள் இருந்தார்கள்.