பின்வரிசை ஜாடியைத் திறந்து பார்ப்போம்

நடுவர் அவர்களுக்கும், இரு அணி நண்பர்களுக்கும், அரங்கம் நிறைந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் நேராகப் பொருளுக்கு வந்துவிடுகிறேன்.

“அலமாரியில் மறந்து கிடக்கும் மளிகைப் பொருள்களைத் தேடி எடுத்துச் சமைப்பது வீட்டுக்கு நன்மையா, தொல்லையா?” என்பது இன்றைய தலைப்பு. நன்மையே என்று சொல்ல வந்திருக்கிறேன். எங்கள் அணித் தலைவர் கணக்கை உங்கள் முன் வைத்துவிட்டார். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 63 கோடி டன் வீடுகளில் வீணானது. தோலும் எலும்பும் சேர்ந்த கணக்குதான் அது. ஆனாலும் தலைக்கு ஆண்டொன்றுக்கு 79 கிலோ என்றால் சிறிய அளவா? அந்தக் கணக்கை நான் மறுபடி விரிக்கப் போவதில்லை. ‘வீடுகளில்’ என்ற ஒரு சொல்லை மட்டும் நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒன்று சொன்னார். “தேதி முடிந்ததைச் சமைத்துப் போடுகிறவர், வீட்டில் இருப்பவர்களின் வயிற்றைக் குப்பைத் தொட்டி ஆக்குகிறார்” என்றார். அரங்கம் அதிர்ந்தது, நீங்களும் கைதட்டினீர்கள். தன் வீட்டு அடுப்படியில் நின்று பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற யாருக்கும் அந்தச் சொல் நெஞ்சில் தைக்கும். எனக்கும் தைத்தது. ஆகவே என் நேரத்தில் பாதி போனாலும் பரவாயில்லை, அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன்.

தேதி முடிந்தது என்கிறாரே, எந்தத் தேதி? பொட்டலங்களின் மேல் இரண்டு வகைத் தேதிகள் இருக்கின்றன. ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்திவிட வேண்டும்’ என்பது ஒன்று. அது பாதுகாப்பைப் பற்றியது, அதைத் தாண்டக் கூடாது. ‘இந்தத் தேதிவரை தரம் சிறப்பாக இருக்கும்’ என்பது மற்றொன்று. அது மணம், சுவை, மொறுமொறுப்பு ஆகியவற்றுக்குத் தயாரித்தவர் தருகிற உறுதி. அலமாரியில் இருக்கும் உலர்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது வகைதான். சர்க்கரைக்கும் வினிகருக்கும் இத்தகைய தேதியே தேவையில்லை என்று பன்னாட்டு உணவுத் தர விதியான கோடெக்ஸ் விலக்கு அளித்திருக்கிறது. தேன் உறைந்து மணல்மணலாகிவிட்டால் கெட்டுவிட்டது என்று எத்தனை பேர் கொட்டியிருக்கிறோம்! புட்டியை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்தால் அது மறுபடி இளகி ஓடும். காற்றும் ஈரமும் புகாமல் மூடி வைத்த வெள்ளை அரிசி ஆண்டுக்கணக்கில் இருக்கும்; தவிட்டோடு கூடிய அரிசி மட்டும் அந்தத் தவிட்டில் உள்ள எண்ணெயால் சில மாதங்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். இரண்டும் அரிசிதான், ஆனால் இரண்டுக்கும் ஆயுள் வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு சமைப்பவரைப் பார்த்துத்தான் நண்பர் அந்தச் சொல்லைச் சொன்னார்.

பின்வரிசையில் கிடப்பது எல்லாவற்றையும் உலையில் போடச் சொல்கிறோம் என்று அவர் நினைத்தால் அது தவறு. அதை அவரைவிட உரக்க நான் சொல்கிறேன். உப்பிய தகர டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கக் கூடாது. தூக்கி எறிய வேண்டும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையை வறுத்தாலும் சரி, வேகவைத்தாலும் சரி, சாப்பிடக் கூடாது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்தபோது, அவை தின்ற தீவனத்தில் பூஞ்சை பிடித்த நிலக்கடலை மாவு இருந்தது தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்துகொண்டது அப்படித்தான். அடுப்பின் சூட்டுக்கு அது முழுமையாக அழியாது. நடுவர் அவர்களே, அலமாரியின் பின்வரிசையை மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறவருக்குத்தான் எதில் பூஞ்சை படர்ந்திருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று தெரியும். ஆண்டுக்கணக்கில் திறக்காமல் வைத்திருந்து, ஒருநாள் அவசரத்துக்குக் கையில் கிடைத்ததை எடுத்துப் போடுகிற வீட்டில்தான் வயிற்றுக்கு ஆபத்து. எங்கள் அணி திறந்து பார்க்கச் சொல்கிறது.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் சமையலறையில், மேல்தட்டின் கடைசி மூலையில், ஒரு கண்ணாடி ஜாடி நிறையக் கொண்டைக்கடலை இரண்டு ஆண்டுகளாக இருந்தது. ஒருநாள் அதை எடுத்தேன். நிறம் மங்கிப் பழுப்பேறி, தோல் சுருங்கி, ஒவ்வொரு மணியும் கூழாங்கல்லாகக் கிடந்தது. பாதியை அளந்து எடுத்து இரவு ஊறப் போட்டேன். காலையில் பார்த்தால் தண்ணீர் அப்படியே நிற்கிறது. கடலை ஊதவே இல்லை. சரி, குக்கர் பார்த்துக்கொள்ளும் என்று தக்காளியும் வெங்காயமும் சேர்த்து ஏற்றினேன். ஆறு விசில். திறந்தேன், வேகவில்லை. மறுபடி ஆறு விசில். கரண்டியால் ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டேன். ‘டங்’ என்று கேட்டது. தக்காளி கரைந்து காணாமல் போயிருந்தது, வெங்காயத்தின் அடையாளமே இல்லை, கடலை மட்டும் ஊறப் போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. என் மகள் ஒன்றை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, “அம்மா, இதை வைத்துக் கோலி விளையாடலாம்” என்றாள். அன்று மதியம் எல்லோரும் வெறும் தக்காளிச் சாற்றைச் சாப்பிட்டோம்.

எதிரணி நண்பர்கள் சிரிக்கிறார்கள். “பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரியாகிவிட்டது” என்று அவர்கள் முகம் சொல்கிறது. கதை இன்னும் முடியவில்லை, நண்பர்களே. ஜாடியில் இன்னும் பாதி இருந்தது.

ஏன் வேகவில்லை என்று கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டேன். சூடும் ஈரக்காற்றும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பயறுகளில், உயிரணுக்களின் சுவர்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசை இறுகிவிடுகிறது. பயறு வேகிறது என்றால் அந்தப் பசை கரைகிறது என்று பொருள். பழைய பயறில் அது எளிதில் கரையாது. புளிப்பு சேர்ந்தால் இன்னும் இறுகிக்கொள்ளும். அதாவது முதல் நாள் நான் செய்த பெரிய பிழை பழைய கடலையை எடுத்தது அல்ல. தக்காளியைத் தொடக்கத்திலேயே போட்டது.

மறுவாரம் மீதியை எடுத்தேன். ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பும், இரண்டு விரலால் கிள்ளிய அளவு சமையல் சோடாவும் கலந்தேன். சோடா கூடினால் சவுக்காரச் சுவை வந்துவிடும் என்பதால் அந்தக் கிள்ளலுக்கு மேல் போகவில்லை. காலையில் பார்த்தேன், தண்ணீரைக் குடித்துக் கடலை பருத்திருந்தது. அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் கடலையை மட்டும் போட்டு, மிதமான தீயில் மூடி வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒன்றை நசுக்கினேன். நடுவில் மாவு வெள்ளையாக நின்றது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டேன். அதன் பிறகு விரலால் அழுத்தியவுடன் வெண்ணெயாக மசிந்தது. அப்போதுதான் தக்காளியைச் சேர்த்தேன். முதல் வாரம் ‘டங்’ என்று விழுந்த அதே ஜாடிக் கடலைதான், நடுவர் அவர்களே! (இதே முறையைச் சிவப்பு ராஜ்மாவுக்குச் செய்பவர்கள், அது தளதளவென்று கொதித்து நன்றாக வெந்தே தீர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது, அதில் உள்ள நச்சுப் புரதம் இளஞ்சூட்டில் அழியாது.)

“ஒரு பிடிக் கடலைக்கு இரண்டு மணி நேரமா?” என்று நண்பர் கேட்பார். வெந்தது கடலை, நான் பக்கத்து அறையில் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சோதித்துப் பார்க்க ஆகும் நேரமும் அதிகமில்லை. பேக்கிங் பவுடர் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, அரைக் கரண்டியை வெந்நீரில் போட்டால் போதும். நுரைத்துப் பொங்கினால் நல்லது. ஈஸ்ட்டை வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் நுரையே பதில் சொல்லும். அரைத்த மசாலாத் தூள் உலர்ந்தே இருந்திருந்தால், பழசானால் மணம் குறையுமே தவிர நஞ்சாகாது. உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் எவ்வளவு சேர்க்கலாம் என்று மூக்கே சொல்லிவிடும்.

மணி அடித்துவிட்டது என்று தெரிகிறது. நடுவர் இன்னும் ஒரு நிமிடம் தர வேண்டும். ஏனென்றால் அந்த ஜாடி ஏன் இரண்டு ஆண்டுகள் மூலையில் கிடந்தது என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.

அது என் அம்மாவின் ஜாடி. அவர் மறைந்த பிறகு நானும் அண்ணனும் தங்கையும் அவருடைய சமையலறையை ஒழித்தோம். அண்ணன் பெரிய பாத்திரங்களை எடுத்துக்கொண்டான். தங்கை தராசை எடுத்துக்கொண்டாள். நான் அந்த ஜாடியை எடுத்துக்கொண்டேன். அதன் மேல் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. வாங்கிய தேதியைப் பென்சிலால் எழுதி, அதன் கீழே “முதலில் இதை” என்று எழுதியிருந்தார். புதிது வாங்கினால் பின்னால் வைப்பார். பழையதை முன்னால் இழுத்து, இப்படி ஒரு வரி எழுதி ஒட்டுவார். முதலில் எடுக்கச் சொன்ன அந்த ஜாடியை நான் கொண்டுவந்து என் அலமாரியின் கடைசியில் வைத்தேன். இதையும் சமைத்துவிட்டால் அம்மா கைபட்ட பொருள் என்று என் வீட்டில் ஒன்றுகூட மிஞ்சாதே என்ற பயம்தான். நான் சோம்பலால் மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பார்த்துவிட்டுத்தான் கதவை மூடினேன்.

ஒருநாள் ஜாடியின் அடியில் மெல்லிய தூள் தெரிந்தது. நான்கைந்து மணிகளில் குண்டூசித் தலை அளவு துளை. வண்டு விழுந்துவிட்டது. இன்னும் சில மாதம் நான் போற்றிப் பாதுகாத்திருந்தால், அம்மா வாங்கியதை வண்டுதான் சாப்பிட்டிருக்கும், அம்மாவின் பேத்தி சாப்பிட்டிருக்க மாட்டாள். அன்று இரவே தரையில் உட்கார்ந்து, தாளில் கொட்டி, ஒவ்வொரு மணியாகப் பார்த்துப் பொறுக்கினேன். கண்ணுக்குத் தப்பியவை தண்ணீரில் மிதந்தன. அவற்றையும் வழித்து எறிந்தேன்.

அந்த இரண்டாவது வாரம் ஐந்து பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். கோலி விளையாடலாம் என்று சொன்ன என் மகள் இரண்டாம் முறை கிண்ணத்தை நீட்டினாள். பாத்திரத்தில் ஒரு மணிகூட மிஞ்சவில்லை. பிறகு அந்தக் காகிதம் நனையாதபடி ஜாடியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதுக் கடலையைக் கொட்டி, அலமாரியின் முன்வரிசையில் வைத்தேன். அம்மா எழுதிய தேதிக்குப் பக்கத்தில் புதுத் தேதியை மட்டும் நான் எழுதினேன். “முதலில் இதை” என்பது ஏற்கெனவே அவர் கையெழுத்தில் இருந்தது.

வணக்கம்.