ஓங்கிலும் ஈரல்பாசியும்: இரண்டு துளைகளிலிருந்து ஓர் ஒப்பீடு

[காட்சி: ஓங்கிலின் தலை நீருக்கு மேலே வருகிறது]

உச்சந்தலையில் தெரிகிறதே, இந்தத் துளைதான் ஓங்கிலின், அதாவது டால்பினின் மூக்கு. தசை இழுத்தால்தான் திறக்கும். விட்டால் தானே மூடிக்கொள்ளும். தூங்கும்போதும் மூளையின் ஒரு பாதி விழித்திருந்து மூச்சைக் கவனித்துக்கொள்கிறது.

[காட்சி: ஈரப் பாறையில் மார்கான்ஷியா]

இது மார்கான்ஷியா என்ற ஈரல்பாசி. பெயரில் பாசி இருந்தாலும் ஆல்கா அல்ல, பிரையோஃபைட், அதாவது பாசங்களின் கூட்டத்தைச் சேர்ந்த சிறு நிலத்தாவரம். 10 மடங்கு கைலென்ஸில் பாருங்கள்: மேற்பரப்பு முழுக்கச் சிறு கட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் காற்றுத்துளை. குறுக்கே வெட்டினால் பீப்பாய் மாதிரி இருக்கும். இலைத்துளைக்கு இருப்பதுபோல், திறந்து மூடும் காப்புச் செல்கள் இதற்கு இல்லை. இறுக மூட வழியில்லை. அதனால்தான் மாதிரியைத் திறந்த தட்டில் வைத்தால் ஓரம் சுருண்டுவிடுகிறது. ஈரத் தாளில் வைத்து, டப்பாவை மூடிவிடுங்கள்.

ஓங்கிலின் மூதாதைகள் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் நான்கு காலால் நடந்தவை. உடல் கடலுக்குப் போய்விட்டது, நுரையீரலால் மூச்சுவிடுவது மாறவில்லை. ஈரல்பாசி இதற்கு நேர் எதிர்: நிலத்துக்கு வந்துவிட்டது, கருவுறுதலுக்கு மட்டும் இன்னும் தண்ணீர் வேண்டும். ஆண் செடியின் விந்தணு வால் போன்ற இரண்டு கசையிழைகளால் நீந்தித்தான் பெண் செடியின் ஆர்க்கிகோனியத்தை, அதாவது முட்டை இருக்கும் உறுப்பை அடையும். மழைத்துளி தெறிக்காவிட்டால் அது நடக்காது. ஓங்கிலின் விந்தணுவும் நீந்துகிறது. ஆனால் அதற்கான ஈரம் தாயின் உடலுக்குள்ளேயே இருக்கிறது.

தேர்வில் அதிகம் தவறுவது அடுத்த இடம். விந்தணு என்றதும் கை தானாகவே 'மியாசிஸ்' (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு) என்று எழுதிவிடுகிறது. புட்டிமூக்கு ஓங்கிலின் உடல் செல்லில் 44 குரோமோசோம்கள். விந்தணுவுக்கு 22 ஆகக் குறைத்தாக வேண்டும். மார்கான்ஷியா பாலிமார்ஃபாவிலோ, நாம் பார்க்கும் அந்தப் பச்சை உடலிலேயே ஒரே ஒரு குரோமோசோம் தொகுதிதான், மொத்தம் 9. குறைக்க எதுவும் இல்லை. விந்தணு மைட்டாசிஸால், அதாவது எண்ணிக்கை மாறாத செல் பிரிவால் உருவாகிறது. மியாசிஸ் நடப்பது பிறகு, புதுச் செடியாக முளைக்கும் நுண்ணிய ஸ்போர் உண்டாகும்போது.

[காட்சி: பெண் குடையின் அடிப்பக்கம், நெருக்கத்தில்]

பெண் செடியில் குடைபோல் நிற்கும் உறுப்புக்கு அடியில் தலைகீழாகத் தொங்கும் இந்த மஞ்சள் உருண்டைதான் ஸ்போரோஃபைட், கருவுற்ற முட்டையிலிருந்து வளர்ந்து ஸ்போர்களை உண்டாக்கும் உடல். இதற்கு வேண்டிய உணவு, பாதம் என்ற பகுதி வழியாகத் தாய்ச்செடியிலிருந்து வருகிறது. அந்த இணைப்பைத் தாவரவியலாளர்களும் பிளாசென்டா என்றே சொல்கிறார்கள்! ஓங்கில் குட்டி சுமார் 12 மாதம் அப்படி வளர்ந்து, பிறந்ததும் மூச்சுக்காக மேலே வருகிறது. ஸ்போரோஃபைட் தாயை விட்டுப் பிரிவதே இல்லை. முற்றியதும் வெடிக்கிறது, உள்ளே சுருள் சுருளாக இருக்கும் எலேட்டர்கள் என்ற இழைச் செல்கள் காய்ந்து முறுக்கிக்கொள்ள, ஸ்போர்கள் காற்றில் கிளம்புகின்றன.