காது மடலில் ஐந்து ஊசிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

தேர்வு நெருங்கினால் உறக்கம் கலைகிறது, நெஞ்சு படபடக்கிறது, படித்தது நினைவில் தங்குவதில்லை. இப்படி வரும் பல்கலைக்கழக மாணவர்கள், காதில் மெல்லிய ஊசிகளைக் குத்திச் செய்யும் அக்குபங்சர் சிகிச்சை உதவுமா என்று கேட்கிறார்கள். பதற்றத்தைத் தணிக்க உதவலாம். பதற்றத்தின் காரணத்தை அது தீர்க்காது.

இந்த முறைக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் பிரான்ஸின் லியோன் நகரத்து மருத்துவர் பால் நோஜியே. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்காகக் காது மடலில் சூடு போட்டுக்கொண்டவர்களின் தழும்பைக் கண்டு வியந்த அவர், 1950களில் காதை ஆராய்ந்தார். தலைகீழாகக் கிடக்கும் கருவைப் போல உடலுறுப்புகளுக்கான புள்ளிகளைக் காதில் வரைந்தார். அந்த வரைபடம் முழுவதும் மெய்ப்பிக்கப்பட்டதன்று. ஆனால் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதின் குழிவான பகுதித் தோலுக்கு வருவது உடற்கூறியல் உண்மை. இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் நரம்பு அது. காதைத் தூண்டினால் மனம் அமைதியடையும் என்ற எதிர்பார்ப்புக்கு இதுவே வலுவான அடிப்படை.

நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையில் போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்காக உருவான ஐந்து ஊசி முறைதான் இன்று மன அழுத்தத்திற்கும் பரவலாகப் பயன்படுகிறது. இரு காதுகளிலும் ஊசியிட்டு, அரைமணி முதல் முக்கால் மணி நேரம் பலரும் சேர்ந்து பேசாமல் அமர்ந்திருப்பார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த அமர்தல். கைபேசியும் பாடப்புத்தகமும் இல்லாத அரைமணி நேரம் எத்தனை மாணவர்களுக்கு வாய்க்கிறது? சில ஆய்வுகளில், தொடர்பில்லாத புள்ளிகளில் ஊசியிட்டபோதும் பதற்றம் குறைந்திருக்கிறது. பலனில் ஊசியின் பங்கு எவ்வளவு, ஓய்வின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அதற்காக அந்த நிம்மதியைப் பொய் என்று தள்ளிவிட நான் ஒப்பமாட்டேன்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஊசி உங்கள் கண்முன் உறை பிரிக்கப்பட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறிவதாக இருக்க வேண்டும். காது மடலின் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. அங்கே தொற்று ஏற்பட்டால் எளிதில் ஆறாது, காதின் வடிவமே கெடலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். ஊசிக்கு அஞ்சுபவர்களுக்கு, புள்ளிகளில் சிறு விதைகளை ஒட்டி அழுத்தும் முறை இருக்கிறது.

வாரக்கணக்கில் உறக்கமில்லை, உணவில் நாட்டமில்லை, வாழவே விருப்பமில்லை என்ற நிலையில் இருக்கும் மாணவரை ஊசி போட அழைத்துச் செல்லாதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் தனியாகப் போகட்டும் என்று விட்டுவிடாமல் கூடவே போங்கள்.

வணக்கம்.