'வேண்டாம்' என்ற வாக்குக்கு என்ன மரியாதை?

அவையோர்க்கு வணக்கம்.

ஐரோப்பிய ஒருங்கிணைப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் பிரெக்ஸிட்டிலிருந்து, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற 2016இல் பிரிட்டன் வாக்களித்ததிலிருந்து, தொடங்குவார்கள். நான் அதற்கு 24 ஆண்டுகள் முன்னே, டென்மார்க்கிலிருந்து தொடங்குகிறேன். அமைச்சர்களும் அதிகாரிகளும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு, மக்கள் எப்படியும் தலையசைப்பார்கள் என்று நம்பியிருந்த ஒரு காரியத்திற்கு, 1992 ஜூன் 2 அன்று அந்நாட்டு மக்கள் தலையசைக்க மறுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கும் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை எதிர்த்து விழுந்தவை 50.7 விழுக்காடு வாக்குகள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்நாட்டு நாடாளுமன்றம் 130க்கு 25 என்ற கணக்கில் அதே ஒப்பந்தத்தை ஏற்றிருந்தது. தலைவர்களுக்கும் வாக்காளர்களுக்கும் இடையே விழுந்திருந்த பள்ளத்தை அளக்க இதைவிட நல்ல கோல் கிடைக்காது.

ஒப்பந்தத்தைத் திருத்த முடியாது என்று மற்ற 11 உறுப்பு நாடுகளும் கையை விரித்துவிட்டன. அப்போது, ஆளுங்கட்சியின் பிடியில் இல்லாத எதிர்க்கட்சிகள் சில கூடி, மக்கள் எதற்கு அஞ்சினார்கள் என்று எழுதத் தொடங்கின. அப்படி உருவான உடன்பாட்டில் நாடாளுமன்றத்தின் எட்டுக் கட்சிகளில் ஏழு கையெழுத்திட்டன. டிசம்பரில் ஐரோப்பியத் தலைவர்களின் எடின்பரோ மாநாடு பொது நாணயம், பாதுகாப்பு, நீதி-உள்துறை, ஒன்றியக் குடியுரிமை ஆகிய நான்கிலும் டென்மார்க்குக்கு விலக்கு அளித்தது. 1993 மே 18 அன்று நடந்த மறுவாக்கெடுப்பில் 56.7 விழுக்காட்டினர் 'சரி' என்றனர்.

அன்றிரவு கோபன்ஹேகனின் நோரெப்ரோ பகுதியில் கலவரம் மூண்டு, காவலர்கள் சுட்டதில் 11 பேர் காயமடைந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரே கேள்வியை மறுபடி கேட்டதே அவமதிப்பு என்று கருதியவர்கள் இருந்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் விலக்குகள் சேர்ந்த பிறகு கேள்வி ஒன்றாகவே இருக்கவில்லை.

பிரான்சுக்கு வருவோம். 2005இல் ஐரோப்பிய அரசியல் சட்ட ஒப்பந்தத்தின் 448 பிரிவுகளும் அச்சாகி, ஒவ்வொரு வாக்காளர் வீட்டுக்கும் அஞ்சலில் போய்ச் சேர்ந்தன. அடுக்களை மேசையில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு குடும்பங்கள் வாதிட்ட நாள்கள் அவை. மே 29 அன்று 54.7 விழுக்காட்டினர் 'வேண்டாம்' என்றனர். மூன்றே நாளில் நெதர்லாந்தில் 61.5 விழுக்காட்டினர். பிறகு அந்த அரசியல் சட்ட ஒப்பந்தத்தின் சாரம் பெரும்பாலும் லிஸ்பன் என்ற புதிய ஒப்பந்தத்துக்குள் புகுந்தது; 2008இல் மக்களிடம் கேட்காமல் பிரெஞ்சு நாடாளுமன்றமே அதை ஏற்றுக்கொண்டது. சட்டப்படி குற்றமில்லை, அதிபர் சார்க்கோசி அதைத் தேர்தலுக்கு முன்பே சொல்லியும் இருந்தார். ஆனால் அந்த 448 பிரிவுகளையும் மெனக்கெட்டுப் படித்தவரிடம் யாரும் மறுபடி வந்து, 'உங்களுக்கு எது பிடிக்கவில்லை?' என்று கேட்கவில்லை. அயர்லாந்து மக்கள் 2008இல் லிஸ்பனை நிராகரித்தபோதாவது வரி, நடுநிலைமை, கருக்கலைப்பு பற்றி எழுத்தில் உறுதி தந்துவிட்டுத்தான் மறுவாக்கெடுப்புக்குப் போனார்கள்.

மக்கள் மனம் மாறாதது என்றும், மாற்றிவிடலாம் என்றும் தலைவர்கள் இருவிதமாகவும் தவறுகிறார்கள். 2000இல் டென்மார்க் மக்கள் யூரோவை மறுத்தார்கள். 2015இல் நீதித்துறை விலக்கைத் தளர்த்தவும் மறுத்தார்கள். உக்ரைன் போர் வெடித்த சில மாதங்களில், 2022 ஜூன் 1 அன்று, அதே மக்களில் 66.9 விழுக்காட்டினர் பாதுகாப்பு விலக்கைத் தாங்களாகவே கைவிட்டார்கள். கோபன்ஹேகன் கடைகளில் விலை இன்றும் யூரோவில் அல்ல, சொந்த நாணயமான குரோனரில்தான் எழுதப்பட்டிருக்கிறது.