பழைய ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு மூச்சு அடைக்கும் இடம்

[திரையில்: பானெட் திறந்த பழைய ஷெவர்லே. நீளமான இன்ஜின், ஒரே வரிசையில் ஆறு பிளக்.]

கால் மைல் டிராக் ரேஸ், அதாவது 402 மீட்டர். அங்கே இப்படியொரு வண்டி வந்து நின்றால் பக்கத்து லேன்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1955-இல் ஷெவர்லே 265 கன அங்குல வி8-ஐ (V வடிவில் இரண்டு வரிசையாக எட்டு சிலிண்டர்) இறக்கியதிலிருந்து அமெரிக்காவில் வேகப் பைத்தியம் பிடித்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். வரிசை ஆறு, லாரிக்கும் டாக்சிக்கும் என்று ஒதுங்கிவிட்டது.

ஆனால் பிரித்துப் பார்த்தால் அடிப்பாகத்தில் குறை சொல்ல அதிகம் கிடைக்காது. ஷெவர்லேயின் 292 கன அங்குல ஆறை எடுத்துக்கொள்வோம். 1963-இல் லாரிக்காக வந்தது, 4.8 லிட்டர். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கை ஏழு மெயின் பேரிங் தாங்குகிறது. அந்த வி8-க்கே ஐந்துதான். அப்புறம் ஏன் ஓடவில்லை? சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றிப் பக்கவாட்டில் பாருங்கள்.

[திரையில்: ஹெட். ஒரு விரல் ஓட்டைகளை எண்ணுகிறது.]

ஒன்று, இரண்டு, மூன்று. காற்றும் பெட்ரோலும் உள்ளே போக மூன்றே வாசல். சிலிண்டரோ ஆறு. ஒரு ஸ்ட்ராவை இரண்டாகப் பிளந்து இரண்டு பேர் ஒரே இளநீரைக் குடிக்கிற கதைதான். முறை வைத்துக் குடித்தால் பிரச்சினை இல்லையே என்பீர்கள். அங்கேதான் வில்லங்கம்.

இந்த இன்ஜின் வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. ஒவ்வொன்றுக்கும் இடையே கிராங்க் 120 டிகிரி சுற்றும். நடு ஜோடி 3-ம் 4-ம் சரியாக 360 டிகிரி இடைவெளியில் இழுக்கின்றன, சண்டையே இல்லை. ஓரத்து ஜோடி 1-ம் 2-ம் அப்படியில்லை. 2 இழுக்கத் தொடங்கி 240 டிகிரியிலேயே 1-இன் முறை வந்துவிடும். வால்வைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டில் ரேஸ் ரகம் போட்டால் வால்வ் 280 டிகிரிக்கும் மேல் திறந்தே இருக்கும். ஆக, 2 குடித்து முடிப்பதற்குள் 1 வந்து உறிஞ்சுகிறது. மறு ஓரத்தில் 5-க்கும் 6-க்கும் இதே தகராறு. பெரிய கேம் போட்டும் எதிர்பார்த்த பலன் வராததற்கு இது ஒரு காரணம்.

இது போதாதென்று அந்த வாசலின் நட்டநடுவில் ஒரு தூண். ஹெட் போல்ட் இறங்கும் குழாய் அது. கல்யாண மண்டப வாசலில் கம்பம் நட்ட மாதிரி!

[திரையில்: கிரைண்டர், தீப்பொறி. பிறகு உள்ளங்கையில் மீன் முதுகு போல வளைந்த ஓர் உலோகத் துண்டு.]

பட்டறையில் அந்தத் தூணை அறுத்து எடுக்கிறார்கள். எடுத்த இடத்தில், போர்ட்டின் (அந்த வாசலின்) தரையில், இந்தத் துண்டைப் பொருத்துகிறார்கள். பெயர் 'லம்ப்'. ஹெட் போல்ட் இதன் வழியாகவே இறங்குவதால் ஹெட்டின் பிடிப்பும் போகாது. அடைப்பை எடுத்த இடத்தில் மறுபடி உலோகமா? எனக்கும் முதலில் கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. போர்ட்டின் தரை வால்வுக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று கீழே விழுகிறது. வேகமாக வரும் காற்று அந்த வளைவில் திரும்ப முடியாமல் எதிர்ச்சுவரில் முட்டும். மேடு வைத்ததும் கொண்டை ஊசி வளைவு சாதா வளைவாகிவிடுகிறது. இரண்டு சிலிண்டர் ஒரு வாசலைப் பங்கு போடுவது மட்டும் அப்படியே இருக்கும், அதற்கு லம்ப் மருந்தில்லை.

அதற்கு வேறு ஹெட்தான் வழி. 1940-களின் பிற்பகுதியிலேயே வெய்ன் ஹார்னிங் என்பவர் பழைய ஷெவர்லே ஆறுகளுக்காகப் பன்னிரண்டு போர்ட் ஹெட் செய்தார். ஒரு பக்கம் ஆறு உள்வழி, மறுபக்கம் ஆறு வெளிவழி. கிரைஸ்லரின் வேலியன்ட் காரில் இருந்த சாய்ந்த ஆறில் கம்பெனியே ஆறு உள்வழி கொடுத்துவிட்டது. இன்ஜின் 30 டிகிரி சாய்ந்திருந்ததால் பக்கத்தில் நீளக் குழாய் வைக்கவும் இடம் இருந்தது. 'ஹைப்பர் பாக்' என்ற அந்த செட்டுடன் 170 கன அங்குல இன்ஜின் 101 குதிரைத் திறனிலிருந்து 148-க்குப் போனது. 1960 ஜனவரியில் டேட்டோனாவில் நடந்த சிறிய கார் பந்தயத்தில் முதல் ஏழு இடமும் வேலியன்ட்டுக்கே.

சைலன்சர் பக்கம் இயற்கையே கை கொடுக்கிறது. வெடிப்பு வரிசையைத் திரும்பப் பாருங்கள்: முன் மூன்றில் ஒன்று, பின் மூன்றில் ஒன்று என்று மாறி மாறி வருகிறது. முன் மூன்றை ஒரு குழாயிலும் பின் மூன்றை இன்னொன்றிலும் சேர்த்தால் இரண்டிலும் புகை சீரான இடைவெளியில் போகும். அப்போது வரும் துணி கிழிக்கிற மாதிரி சத்தம் சாதாரண அமெரிக்க வி8-இல் வராது.

[திரையில்: கிராங்க்ஷாஃப்ட், முறுக்கும் அம்புக்குறி.]

மூச்சு சரியானதும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஏற்ற ஆசை வரும். நீளமான கிராங்க் வேகத்தில் முறுக்கிக்கொள்ளும், அதனால் அந்த முறுக்கலை அடக்க முன்னால் இருக்கும் டாம்பரில் கஞ்சத்தனம் வேண்டாம். 292-இன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) வேறு ஏறக்குறைய 105 மி.மீ. 6,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 21 மீட்டர் ஓடும். அதன் தம்பி 250-க்கு ஸ்ட்ரோக் 89.7 மி.மீ., அதே ஆர்பிஎம்மில் 18 மீட்டர்தான். இழுவை வேண்டுமென்றால் 292, சுற்றவிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் 250. என் கையில் காசு இருந்தால் 250-ஐத்தான் எடுப்பேன்.