குப்பையில் கிடந்த குன்றிமணி: சரண்ஜித் சிங்கும் நம் ஊர் கேசட்டுகளும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, ஆய்வுக் கூட்டத்தை முடித்த கையோடு நேராக இங்கே வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, எனக்கு யாப்பு சொல்லிக் கொடுத்த, இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, வருவேன் என்று சொன்னபடி வந்துவிட்ட நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, ஒவ்வொரு கூட்டத்துக்கும் காசு வாங்காமல் மைக் கட்டித் தரும் சவுண்டு சர்வீஸ் அண்ணன் அவர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். சரண்ஜித் சிங் என்ற மனிதர், அவர் வாசித்த கருவிகள், பழைய பதிவுகளின் காப்புரிமை. குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் போகாது என்பார்கள். இந்த மனிதரின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது.

பம்பாய் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர். ஆர்.டி. பர்மன் உட்பட பெரிய பெரிய இசையமைப்பாளர்களிடம் வேலை செய்தவர், ஆனால் வெளியே பெயர் தெரியாது. 1982இல், எங்கு பார்த்தாலும் டிஸ்கோ ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், தபலாவை எடுத்துவிட்டு டிஸ்கோ தாளத்தில் ராகம் வாசித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளை ஒன்றோடொன்று இணைத்தார்: மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் ஜுபிட்டர்-8 சிந்தசைசர், தாளத்துக்கு டிஆர்-808, பேஸ் என்கிற கீழ்க்குரல் சுரங்களுக்கு டிபி-303. பத்து ராகம், ஒரு எல்பி இசைத்தட்டு. தோடி, லலித், மேக மல்ஹார் என்று இந்துஸ்தானி ராகங்களாகப் போகும். நம் கர்நாடக இசைக் காதுக்குச் சொன்னால் மால்கௌன்ஸ் ஹிந்தோளம், பூபாலி மோகனம், யமன் கல்யாணி.

அந்த டிபி-303 தனியாகக் கிட்டார் வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் பேஸ் வாசிக்கட்டும் என்று செய்த சின்னப் பெட்டி. விற்கவில்லை, 1984இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகிற வசதி உண்டு. பாட்டுக் கற்றுக்கொண்ட யாருக்கும் தெரியும், ராகத்துக்கு அந்த வழுக்கல்தான் உயிர். சிங் அதைப் பிடித்துக்கொண்டார். ஐந்து வருஷம் கழித்து, 1987இல், சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு இதே பெட்டியை வைத்து ஒரு பதிவு வெளியிட, ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை வகையே அதிலிருந்து கிளம்பியது. அவர்களுக்கு சிங்கைத் தெரியாது, சிங்குக்கு அவர்களைத் தெரியாது. சிங்கின் எல்பி விற்காமல் போயிற்று.

2002இல் ஏடோ பௌமன் என்ற டச்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் டெல்லியில் ஒரு கடையில் இதை வாங்கி, ஓட்டல் அறையில் போட்டுக் கேட்டு அசந்துபோனார். 2010இல் அவரே மறுபடி வெளியிட்டார். இது 1982இல் செய்ததே இல்லை, இப்போது யாரோ செய்து பழசு என்று ஏமாற்றுகிறார்கள் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள்! எழுபது வயதைத் தாண்டி ஐரோப்பிய மேடைகளில் வாசித்துவிட்டு, 2015இல் சிங் காலமானார். குன்றிமணி நிறம் போகவில்லை.

ஆனால் அது அச்சடித்த தட்டு, பல பிரதி இருந்தது. ஒரே பிரதி இருப்பதெல்லாம் என்ன ஆகும்? நம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போய் கேசட் வாங்குவோம். கடைக்காரர் சினிமாப் பாட்டோடு நிற்கவில்லை. தேர்த் திருவிழாவா, டேப் ரெக்கார்டரோடு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார். நாதஸ்வரக் கச்சேரி, வில்லுப்பாட்டு, பட்டிமன்றம், எல்லாம் பிடித்து வைத்திருந்தார். அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்தார்கள். விஷயம் தெரிந்து நான் பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். உரச்சாக்கில் கேசட்டுகள். பிளாஸ்டிக் ஒரு பக்கம், இரும்புத் திருகாணி ஒரு பக்கம் என்று உடைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், நாடா தரையெல்லாம் சுருள் சுருளாகக் கிடந்தது. கையில் அகப்பட்ட ஒரு அட்டையில் நீல மையில் "ஆறாம் திருநாள், இரவு, மல்லாரி" என்று அவர் கையெழுத்து. சுவாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் வாசிப்பதுதான் மல்லாரி. அட்டை மட்டும்தான். உள்ளே கேசட் இல்லை. வாசித்தவர்கள் யாரும் இன்றைக்கு இல்லை, அவர்களுடைய வேறு பதிவும் இல்லை.

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் மூக் சிந்தசைசர் வைத்து ஸ்டூடியோ அமைத்தார்கள். அங்கே பதிந்த நாடாக்கள் நிறுவனத்துக்குள்ளேயே இருந்ததால்தான் பால் பர்காஸ் என்ற இசைக்கலைஞர் பிற்பாடு தேடி எடுக்க முடிந்தது. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இசைத்தட்டுகளைக் காக்கிறார்கள். ஒரு நூலகம் நினைத்தால் முடியும் என்கிறேன். குன்றிமணிக்கு நிறம் போகாது, சரி, நாடாவுக்குப் பூஞ்சை பிடித்தால் போய்விடும். ஆகவே அலுவலர் ஐயா, மேல்மாடியில் பூட்டிக் கிடக்கும் அந்த அறை, ஒரு நல்ல கேசட் பிளேயர், ஒரு கணினி, இவ்வளவுதான் கேட்கிறோம். கேசட்டைக் கணினிக்கு மாற்றும் வேலையைச் செய்ய வாசகர் வட்டத்தில் ஆள் இருக்கிறது.

காப்புரிமை பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் மனு வைத்திருக்கிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வீட்டுப் பரணில் கேசட் இருந்தால் எடைக்குப் போடாமல் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், எந்த வருஷம், யார் பாடியது என்று ஒரு சீட்டில் எழுதி ரப்பர் பேண்டு போட்டு. நன்றி, வணக்கம்.