வெள்ளைத் திரையில எழுத்து ஏன் கரையுது?

[காட்சி: குளச்சல் கடற்கரை, உச்சி வெயில். கிழிஞ்ச வலையில ஓடுற கை. மடியில போன்.]

"லே மக்கா, இந்த போனு கெட்டுப் போச்சு கேட்டியா? வெள்ளையா மின்னுது, எழுத்து ஒண்ணும் தெரிய மாட்டேங்கு."

எங்க மாமா. வயசு 60 தாண்டியாச்சு. வலைக்கண்ணைக் கோர்க்க அவருக்குக் கண்ணே வேண்டாம், விரலே போதும். வாட்ஸ்அப்ல வர்ற மீன் விலையைப் படிக்கத்தான் திணறுறாரு. வேடிக்கை என்னன்னா, அதே மெசேஜை அந்தி நேரத்துல திண்ணையில உக்காந்து கடகடன்னு வாசிச்சிருவாரு. ஒரே வருஷத்துல கண்ணாடி ரெண்டு தடவை மாத்தியாச்சு. பலன் இல்ல.

போன் கெடல. அந்தியில தெரியுதுல்லா, அதுலதான் துப்பு இருக்கு.

[காட்சி: உப்பு படிஞ்ச கார் முன்கண்ணாடி.]

கடலோரத்துல வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். ராத்திரி வெளிய நின்ன காரோட முன்கண்ணாடியில உப்புக்காத்து மெல்லிசா ஒரு படலம் விட்டிருக்கும். காலையில கிழக்க பார்த்து ஓட்டினா, வெயில் அதுல பட்டுச் சிதறி ரோடே வெளுத்துப் போகும். வண்டியை மேற்க திருப்புங்க. அதே கண்ணாடி, அதே உப்பு, ரோடு பளிச்சுன்னு தெரியும்.

வெள்ளைப் பக்கமும் அப்படித்தான். பக்கம் முழுக்க வெளிச்சம், எழுத்து இருக்கிற இடத்துல மட்டும் வெளிச்சம் இல்ல. கண்ணுக்குள்ள எங்கயாவது படலம் இருந்தா, சுத்தியுள்ள வெளிச்சம் சிதறி அந்தக் கறுப்பு மேலயும் வழியும். கறுப்பு சாம்பலாயிடும்.

[காட்சி: கண்ணின் குறுக்குவெட்டுப் படம். நடுவுல உள்ள கறுப்பு வட்டம், அதான் கண் பாப்பா, சுருங்கி விரியுது.]

மாமா வயசுல முதல்ல சந்தேகப்பட வேண்டியது புரை, அதாவது கண்ணுக்குள்ள உள்ள லென்ஸ் மங்கிப்போறது. அதுல ஒரு வகை லென்சோட பின்பக்கம், நட்ட நடுவுல படரும். வெளிச்சம் கூடினா கண் பாப்பா 2 மில்லிமீட்டர் வரைக்கும் சுருங்கும். கிட்டத்துல உள்ளதைப் படிக்கிறப்பவும் சுருங்கும். அப்ப வெளிச்சம் நுழைய மிச்சம் இருக்கிறது அந்த நடு மட்டும்தான். அங்கதான் புரை உக்காந்திருக்கு. அந்தி வெளிச்சத்துல பாப்பா விரியும், ஓரத்துல உள்ள தெளிவான பகுதி வழியா சமாளிச்சிரலாம். சுகர் உள்ளவங்களுக்கும், ஸ்டீராய்டு மருந்து ரொம்ப நாள் எடுத்தவங்களுக்கும் இது சின்ன வயசுலயே வரலாம். கண்ணாடி மாத்தி இது சரியாகாது.

இன்னொரு சிக்கல். கண் சோதிக்கிற ரூம்ல வெளிச்சம் குறைச்சு வச்சிருப்பாங்க. அங்க கீழ் வரி வரைக்கும் வாசிச்சிட்டு, ஒண்ணுமில்லன்னு திரும்பி வந்தவங்க உண்டு. அதனால "மங்கலா இருக்கு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "வெயில்ல தெரியல, வெள்ளை ஸ்கிரீன்ல தெரியல, அந்தியில தெரியுது"ன்னு முழுசா சொல்லுங்க.

உங்க வயசு 25, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாலன்னா கதை வேற. எழுத்து மங்குறப்ப ரெண்டு தடவை நல்லா இமைச்சுப் பாருங்க. தெளிஞ்சு, சில நொடியில திரும்ப மங்குதா? கண் வறட்சியா இருக்கலாம். சும்மா இருக்கிறப்ப நிமிஷத்துக்கு 15 தடவை போல இமைக்கிறோம். ஸ்கிரீனைப் பார்த்தா அது பாதிக்கும் கீழ போயிரும். கண்ணீர்ப் படலம் அங்கங்க பிரிஞ்சு காஞ்சுபோகும். ஆரல்வாய்மொழிக் காத்துல ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வர்றவங்களுக்கு கேக்கவே வேண்டாம்.

டார்க் மோடு போட்டா போதாதா? புரை உள்ளவங்களுக்கு உதவும். ஆனா சிலிண்டர் பவர் (விழியோட வளைவு ஒரே சீரா இல்லாததுக்குக் கண்ணாடியில போடுற பவர்) இருந்தா கறுப்புல வெள்ளை எழுத்து கசிஞ்ச மாதிரி தெரியும், ஏன்னா பாப்பா விரிஞ்சிருது. கடல் தொழில் பண்றவங்களுக்கு வெயிலால மூக்கோரத்துல இருந்து கருவிழி மேல சதை ஏறும்; அது விழியோட வளைவை இழுத்து மாத்துறதாலயும் எழுத்து கோணலாகும்.

[காட்சி: வெள்ளைச் சுவர். அதுல மிதக்குற நூல் மாதிரி நிழல்கள்.]

வெள்ளைச் சுவர்ல கொசு மாதிரி, நூல் மாதிரி மிதக்குதா? கண்ணுக்குள்ள உள்ள ஜெல்லியில திரண்ட துணுக்குகளோட நிழல் அது. பழைய கொசு ஒண்ணு ரெண்டு பரவாயில்ல. திடீர்னு கூட்டமா வந்தாலோ, மின்னல் மாதிரி வெட்டினாலோ, ஓரத்துல திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்னைக்கே டாக்டர்ட்ட போயிரணும். விழித்திரை கிழிஞ்சிருக்கலாம். கண் சிவந்து, வலிச்சு, வெளிச்சமே ஆகலைன்னாலும் அன்னைக்கே போயிரணும். மெடிக்கல் ஷாப்ல சொட்டு மருந்து கேட்டு வாங்கி விட்டுக்கிடாதீங்க.

மாமாவை நாகர்கோவில்ல காட்டினோம். பாப்பாவை விரிக்கிற சொட்டு விட்டுப் பார்த்தாங்க. ரெண்டு கண்ணுலயும் புரை, பின்பக்கம். வெளிய வந்தப்ப மணி 12. கையால முகத்தை மறைச்சுக்கிட்டு, "முன்னால எழுத்துதாம்ல தெரியல, இப்ப ரோடே தெரியல"ன்னாரு. அந்தச் சொட்டு விட்டா சில மணி நேரம் அப்படித்தான் இருக்கும். போறப்ப ஒரு கூலிங் கிளாசும், கூட ஒரு ஆளும் கொண்டு போங்க. திரும்பி வர்றப்ப பைக்கை அந்த ஆள் ஓட்டட்டும்.